பெத்லகேம் மலைக்குப் பின்னால் ஒரு கை

ரூபி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் பெத்லகேமுக்கு அடியில் கிடந்தேன். சபையில் வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் பழைய ஞாயிறு பள்ளி அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடித்து, சாக்குத்துணியால் மலை எழுப்பியிருந்தோம். ஒரு வயரைத் தேடிப் பெஞ்சுக்கு அடியில் புகுந்தேன். புகும்போது இடம் கொடுத்த வயிறு திரும்பும்போது கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. பேச முடிந்தது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

பேசியது அக்காவின் மகள் ஷீபா, பெங்களூரிலிருந்து. "அண்ணா, அம்மா போயிட்டாங்க. காப்பி கேட்டாங்க. கலக்கிக் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள். ஊருக்குத்தான் கொண்டுவருகிறோம், கல்லறைத் தோட்டத்தில் இடம் சொல்லி வையுங்கள் என்றாள். சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அங்கேயே படுத்திருந்தேன். வெளியே தெரிந்தது என் கால்கள் மட்டும்தான். குடில் கமிட்டிச் செயலாளர் வில்சன் அந்தக் கால்களைப் பார்த்து, "என்னவே, உறங்கியாச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அழுகிற ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுப்பதைவிட, உறங்குகிற ஒருவனை இழுத்து எடுப்பது இரண்டு தரப்புக்கும் கௌரவம் என்று தோன்றிற்று.

இப்படிப்பட்டவன் எழுதுகிற அஞ்சலி இது. அவரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரூபி அக்கா நெய்யூரில் நர்சிங் படித்தவர். பஹ்ரைனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, கணவர் காலமானபின் ஊரோடு வந்துவிட்டார். இரணியல் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டை ஒட்டிய வீடு. அடக்கம் என்ற குணத்தை அவரிடம் தேடியவர்கள் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாட்டுக்குழுவில் மற்றவர்கள் கடைசி அடிக்கு வருவதற்குள் அவர் ஆமென் சொல்லி உட்கார்ந்திருப்பார். அறுவை அறையில் டாக்டர்களையே அதட்டியவர் என்று அவரே சொல்லுவார். அவரே சொன்னதால் நாங்களும் நம்பினோம்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் சோப்பும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். அவரும் கொண்டுவந்தார். ஆனால் பெட்டியின் அடியில், துண்டில் சுற்றி, ஒரு பொம்மை ரயில் என்ஜினும் இருந்தது. பொம்மை என்று சொன்னால் அவர் கோபப்படுவார். ஒரு சாண் நீளம், கறுப்பு நிறம். அசல் நீராவி என்ஜினை அப்படியே சுருக்கிச் செய்தது. தண்டவாளத்தில் வரும் கொஞ்ச மின்சாரத்தைச் சக்கரம் வழியாக வாங்கி, வயிற்றுக்குள் இருக்கும் சின்ன மோட்டாரால் ஓடும். அங்கே பழைய சாமான் கடையொன்றில் வாங்கியதாம். செய்த கம்பெனியின் பெயர்கூடத் தேய்ந்துபோயிருந்தது. பேரப்பிள்ளைகளுக்கா என்று கேட்டவர்களிடம், "எனக்குத்தான் வாங்கினேன். பிள்ளைகளுக்குத்தான் சோப்பு கொண்டாந்திருக்கேனே" என்று பதில் சொன்னார்.

அந்த என்ஜின் குடிலுக்குள் வந்தது பொறாமையால். பக்கத்து ஊர்ச் சபையில் குடிலுக்கு அருவி வைத்துவிட்டார்கள். நிஜத் தண்ணீர் கொட்டுகிற அருவி. எங்கள் ஆட்கள் எல்லாம் போய்ப் பார்த்து, வாயால் பாராட்டி, வயிறு எரிந்து திரும்பினார்கள். வில்சன் நேரே அக்கா வீட்டுக்குப் போய் ரயிலைக் கேட்டான். அக்கா உடனே சம்மதித்தார். இயேசு பிறந்தபோது பெத்லகேமில் ரயில் ஓடிற்றா என்று அப்போதிருந்த போதகர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "பாஸ்டரே, அப்போ பஞ்சு மட்டும் பெஞ்சுதா?" என்று அக்கா கேட்டதும் போதகர் தலைக்கு மேலே தொங்கிய பஞ்சுப் பனியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ரயில் வந்தது. ஓடிற்று. மலையைச் சுற்றி வந்து, குகையிலிருந்து வெளிப்பட்டதும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றது. விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி ஓடும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் நிற்கும். ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், பழுது பார்க்க நேரமில்லை. கமிட்டி அவசரமாகக் கூடி, மலைக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்திருந்து, துணியில் போட்ட ஓட்டை வழியாகக் கைநீட்டித் தள்ளுவது என்று முடிவு செய்தது. கையெழுத்துத் தவிர கையால் வேறு வேலை செய்யாதவன் என்ற தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வாட்ச் கட்டிய, மோதிரம் போட்ட, ரோமம் அடர்ந்த ஒரு கை மூன்று ஞானிகளின் தலைக்கு மேலாக நீண்டுவந்து, ரயிலை ஒரு விரலால் தட்டிவிட்டு உள்ளே போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் விளக்கினால் புரியாது. முதலில் பிள்ளைகள் பயந்தார்கள். பிறகு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார்கள். பிறகு, "கை வருது, கை வருது" என்று கூட்டமாகக் கத்தத் தொடங்கினார்கள். குழந்தை இயேசுவைப் பார்த்தவர் யாருமில்லை. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன், மேடையில் சிரிக்கப் பேசுகிறவன் என்று எனக்கு ஊரில் இருந்த கொஞ்சநஞ்சப் பேரும் அந்த வாரத்தோடு போயிற்று. கைமாமா ஆனேன். முட்டத்தில் மீன் வாங்கப் போனால், "கைமாமாவுக்கு நல்ல சாளையா எடுத்துப் போடு" என்று மீன்காரி சொன்னாள். எங்கள் சபைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செய்தி கடற்கரை வரைக்கும் இறங்கிவிட்டது.

இனிமேல் குடில் பக்கமே வரமாட்டேன் என்று சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பலாப்பழச் சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழியில நின்னுபோனது வண்டி. அதுக்கே வெக்கமில்ல. உனக்கு என்னத்துக்கு மக்கா?" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் என்ஜினைப் பிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். மேசைமேல் சலவை செய்த வெள்ளைத் துணி. அறுவை அறையில் வைப்பதுபோல வளைந்த தட்டு. ஃபோர்செப்ஸ், பஞ்சு, ஸ்பிரிட், ஊசி முனை, தென்னை ஈர்க்கு. எனக்கு மோட்டாரைப் பார்க்க ஆசை. அதைக் கழற்றுங்கள் என்று அவசரப்படுத்தினேன். முதலில் அவர் என்ஜினைத் தொடவே இல்லை. குடில் அறைக்கு என்னைக் கூட்டிப்போய்த் தண்டவாளத்தை ரப்பரால் அழிக்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். நின்ற இடத்தில் உப்புக்காற்று பட்டுத் துரு படிந்திருந்தது. அதற்கப்புறம் சக்கரம். சக்கர விளிம்பில் கறுப்பாக அழுக்குப் படலம். அச்சில் குடிலின் பஞ்சுப்பனி நூல்நூலாகச் சுற்றி இறுகிக் கிடந்தது. வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் போட்டிருந்த ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. பழைய கையுறையின் விரலை வளையமாக நறுக்கி அந்த இடத்தில் மாட்டினார். "நடக்க மாட்டேங்கான்னு ஒருத்தனக் கொண்டுவந்தா மொதல்ல செருப்பப் பாக்கணும். நெஞ்சத் தொறக்கது கடைசி" என்றார்.

நெஞ்சைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. ரயில் நிற்காமல் சுற்றியது. அதனால் வேறொரு சிக்கல் வந்தது. கை எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஓடுகிற ரயிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "கைய நீட்டுலே, பிள்ளைய கேக்குதுவ பாரு" என்றார் அக்கா. முடியாது என்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் இதைக் கேட்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாட்டேன் என்பேன். மலையில் ஓட்டையை மட்டும் வில்சன் அடைக்காமலே வைத்திருந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று.

அக்காவிடம் நான் பட்ட வெட்கங்களில் தேங்காயெண்ணெய் தனி அத்தியாயம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர் ஷீபா வீட்டுக்குப் போயிருந்தார். ஒத்திகையில் என்ஜின் கீச்சென்று சத்தம் போட்டது. நம் ஊரில் கதவு கீச்சிட்டாலும் காது வலித்தாலும் பிள்ளைக்கு உடம்பு வறண்டாலும் நாம் எடுப்பது ஒரே குப்பியைத்தான். நானும் எடுத்தேன். தாராளமாக ஊற்றினேன். பகலெல்லாம் என்ஜின் வெண்ணெயில் விட்ட கத்திபோல ஓடியது. இனி அக்கா தேவையில்லை என்றுகூட வில்சனிடம் சொல்லிவைத்தேன். மறுநாள் அதிகாலை ஆராதனைக்கு முன் போட்டால் அசையவில்லை. உள்ளே ம்ம் என்று முனகல் மட்டும். மார்கழிக் குளிரில் குப்பிக்குள் என்ன நடக்குமோ அது என்ஜினுக்குள்ளும் நடந்திருந்தது.

அக்கா பெங்களூரிலிருந்து வந்ததும் வராததுமாகத் திறந்தார். பல்சக்கரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, இது என்ஜினா, உன் தலையா?" அதைச் சுரண்டி எடுத்துக் கழுவிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சுக்கு ஒரு பொட்டு வைத்தார். "ஒரு சொட்டு மருந்து. ரெண்டாஞ் சொட்டு அழுக்கு." இதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லிவிட்டார். கோயிலில் என் தலையைப் பார்த்துப் பெண்கள் சிரித்த காலம் அது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன வருஷத்துக் கிறிஸ்துமஸ்.

அக்காவிடம் சில மாற்றங்களை எல்லோரும் கவனித்திருந்தோம். பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். மற்ற நேரத்தில் கைகள் சேலை முந்தானைக்குள் இருக்கும். வயதாக ஆகப் பக்தி கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதை முதலில் பேசியது நான்தான். கேட்க நன்றாக இருந்ததால் பரவிவிட்டது.

டிசம்பர் தொடக்கத்தில் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். மேசைமேல் வெள்ளைத் துணி, தட்டு, எல்லாம் தயாராக இருந்தன. கதவைச் சாத்தச் சொன்னார். "நீ பிரி. நான் சொல்லுகேன்" என்றார். நான் சிரித்தேன். தேங்காயெண்ணெய் ஊற்றியவனையா என்றேன். அவர் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அது மேசையில் நிற்கவில்லை. பிடித்துவைத்த குஞ்சுபோல, வைத்த இடத்திலேயே துடித்தது. தட்டிலிருந்த ஃபோர்செப்ஸ் அதோடு சேர்ந்து கிணுகிணுவென்று சத்தம் போட்டது. வாழ்நாளில் எதற்கும் வெட்கப்படாத ஒருத்தி அந்தக் கையை வெட்கத்தோடு பார்த்ததை நான் பார்த்தேன். ஃபோர்செப்ஸை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், சத்தம் நிற்கட்டும் என்று.

"ஷீபாவுக்குத் தெரியாண்டாம்" என்றார். "தெரிஞ்சா என்னயக் கொண்டுபோயிருவா. அங்க எத்தனையாவது மாடின்னு லிப்டுக்குத்தான் தெரியும். சன்னலத் தொறந்தா எதுத்த வீட்டு பாத்ரூம். எனக்கு இந்த கேட்டு அடைக்குத சத்தம் கேக்கணும் மக்கா. அது கேட்டாத்தான் உறக்கம் வரும்." பைபிள்மேல் சத்தியம் செய்யட்டுமா என்று கேட்டேன். "உன்னய நம்புகதுக்கு அதை எதுக்கு இழுக்கணும். சும்மா வாய மூடிக்கிட்டு இரு, போரும்" என்றார்.

மாலைதோறும் போனேன். அவர் நாக்கு, என் கை. என் வாயைப் பற்றி ஊருக்குத் தெரியும். நெய்யூரில் காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் தக்கலையில் சொல்லிவிடுகிறவன் நான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மோட்டாரைத் திறந்து, சுற்றுகிற செம்புத் தகட்டின் இடுக்கில் அடைந்திருந்த கரியை ஈர்க்கால் கீறி எடுத்தேன். "தோண்டாதே, கீறு" என்பார். மின்சாரத்தை மோட்டாருக்குள் விடும் பிரஷ் என்ற பொடிக் கரித்துண்டுகளை மாற்றினேன். அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங் பறந்து போய், நாங்கள் இருவரும் தரையில் தவழ்ந்து தேடியதும் உண்டு. கடைசியில் என்ஜின் பட்டுப்போல ஓடியது. அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கொள்ளாம்" என்றார். அந்த ஒரு பாராட்டில் எனக்குத் தலை கனத்துவிட்டது. மிச்சத்தை அந்தக் கனம்தான் செய்தது.

குடிலில் தரைக்கு எப்போதும் மரத்தூள்தான் போடுவோம். இந்த என்ஜினுக்கு மரத்தூள் மரியாதையில்லை என்று எனக்குத் தோன்றியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மத்தியானம் முட்டம் போய், கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு மணல் கொண்டுவந்து மலையடிவாரம் முழுவதும், தண்டவாளத்தை ஒட்டி, பரப்பினேன். விளக்குப் போட்டதும் பாலைவனமே மின்னியது. அக்காவிடம் சொல்லவில்லை. வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

அந்த மாலையில் அங்கே இருந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர். ஷீபாவும் மருமகனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். ரயில் கிளம்பியது. சில சுற்றுகள் அழகாகப் போயிற்று. பிறகு அரிசி அரைப்பதுபோல ஒரு சத்தம். பிறகு கருகிய வாடை. பிறகு நின்றுவிட்டது. ஓட்டை வழியாக யாரோ தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

வில்சன் கையில் மைக் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை. மைக் இருந்தால் மனிதன் மாறிவிடுவான், எனக்கும் அந்த வியாதி உண்டு. முந்தின நாள் என்ஜினை நான் துடைத்துத் தண்டவாளத்தில் வைத்ததையும், அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றதையும் அவன் பார்த்திருந்தான். "அக்கா கைபட்டா ஓடாத வண்டி உண்டா? இந்தத் தடவ நம்ம கைமாமா உள்ளயும் கைய விட்டுட்டாரு போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "ஏன்வே, அக்கா இருக்கும்போ நீரு என்னத்துக்குவே தொட்டீரு?" என்று மறுபடியும் கேட்டான்.

பதிலுக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லுவேன், இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அக்காவின் கை. அதைச் சொல்ல முடியாது. சரி, பொய்யான பதில்? "ஆசை வே, தொட்டுட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும். சிரித்துவிட்டுக் கலைந்து கேக் தின்னப் போயிருப்பார்கள். மேடைமேடையாகப் பேசி, கேட்காத இடத்திலெல்லாம் வாயைத் திறந்தவன், திறந்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கிற்று. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. பார்க்கச் சகிக்கவில்லை என்று பிறகு மனைவி சொன்னாள்.

அக்கா எழுந்தார். மெதுவாக நடந்து குடிலுக்குப் பக்கத்தில் வந்தார். முந்தானையிலிருந்து கையை எடுத்து நட்சத்திர விளக்குக்கு முன்னால் நீட்டினார். அந்தக் கையின் நிழல் பெத்லகேம் மலை முழுக்க விழுந்து ஆடிற்று.

"அவனக் கேக்காத வில்சா. நாந்தான் குடுத்தேன். இந்தா பாரு. இந்தக் கையில ஒண்ணும் நிக்காது. அதான் அவன் கைய வாங்கினேன்" என்றார்.

வில்சன் மைக்கை இறக்கிவிட்டான். ஷீபா எழுந்து நின்றுவிட்டாள். அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. என்னிடம், "தொறலே, என்னன்னு பாப்போம்" என்றார்.

எல்லோர் முன்னாலும் திறந்தேன். மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "மணல் யாரு போட்டா?" நான்தான் என்றேன். "முட்டத்து மணலா?" ஆமாம் என்றேன். அக்கா சிரித்தார், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். நம் கடற்கரை மணலில் பாதி கறுப்பு, காந்தத்தைக் காட்டினால் எழுந்து ஒட்டிக்கொள்ளும் என்பது இங்கே பிறந்த யாருக்கும் தெரியும். சின்ன வயதில் கயிற்றில் காந்தத்தைக் கட்டி அந்த மணலில் இழுத்து விளையாடாதவர் இங்கே உண்டா? நானும் விளையாடியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சாக்கு நிறைய அதைக் கொண்டுபோய், காந்தம் வைத்த வண்டிக்குப் பக்கத்தில் கொட்டியிருக்கிறேன். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டி எடுத்து, ஒவ்வொரு பொடியாக அந்தத் தாடியை மழித்தோம். ஆராதனை முடிந்து ஜனங்கள் போன பிறகு ரயில் ஓடியது. அப்போது பார்க்க இருந்தது அக்காவும் வில்சனும்தான். ஷீபா வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஷீபாவை நான் குறை சொல்ல மாட்டேன். தாயின் கை அப்படி ஆடுவதைப் பார்த்தபிறகு எந்த மகள் தனியாக விட்டுவிட்டுப் போவாள்? புதுவருஷ ஆராதனை முடிந்ததும் கேட்டை ஒட்டிய வீடு பூட்டப்பட்டது. என்ஜினைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார் அக்கா.

இரணியல் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவருடைய வீடு அவருக்கு இல்லாமல் போனது என் மணலால், பிறகு என் மௌனத்தால். என் முகம் சிவப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் தம் ரகசியத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார். இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"சவத்த விடு மக்கா. ஜென்மத்துல ஒருதடவ வாய மூடிக்கிட்டு நின்னே. அதப் பாக்கக் குடுத்து வச்சிருந்தேன்லா."

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது. "பாத்தியா, இவ்வளவு பெரிய வண்டியே நடுங்கித்தான் கெளம்புது" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார். பெட்டியே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் அவரை அழைக்கவில்லை. போனை எடுப்பேன், வெட்கம் வந்து விரலைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு மழைக்கால மாலையில் அவரே அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. "வண்டியப் போடு. போனப் பக்கத்துல வையி" என்றார். சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு ஓடவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு பிரஷ் தேஞ்சிருக்கு. சத்தம் ஒருச்சாஞ்சு வருது, பாரு" என்றார். திறந்து பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. மாற்றிவிட்டுச் சொன்னேன். "செரி. இனி கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். இஞ்ச வண்டிச் சத்தம் ஒண்ணும் கேக்காது" என்றார்.

அப்படித்தான் பழக்கமாயிற்று. மாலையில் அழைப்பார். பேச்சு அதிகம் இருக்காது. மேசைமேல் போன் கிடக்கும், அதைச் சுற்றி ரயில் ஓடும். என் மனைவி குழம்புச் சட்டியை வைக்க இடம் தேடிக்கொண்டு, இந்த வீட்டில் சாப்பாட்டை எந்த ஸ்டேஷனில் இறக்குவது என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் சிரிப்பு வரும். சில நாள் சிரிப்பு வராது, மூச்சு மட்டும் சீராகக் கேட்கும். உறங்கிவிட்டார் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன்.

அக்காவைப் பெட்டியில் கொண்டுவந்து அந்தக் கேட்டு வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டும் அசையாமல் இருந்தன. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட்டை அடைத்தார்கள். மணிச்சத்தம் கேட்டது. ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடிலில் இந்த வருஷம் மரத்தூள்தான். நேற்று மாலை ஒத்திகை பார்த்தோம். என்ஜின் குகையை விட்டு வெளியே வந்து, பழைய இடத்தில், தயங்கி நின்றுவிட்டது. உப்புக்காற்று மறுபடியும் வேலையைக் காட்டியிருக்கிறது. இன்று ரப்பரால் துடைத்துவிடலாம். ஆனால் நேற்று அறை நிறையப் பிள்ளைகள் நின்றார்கள். வில்சன் என்னைப் பார்த்தான். மலையிலுள்ள ஓட்டையைப் பார்த்தான்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடமிருந்த என்ஜினைச் சபைக்கே கொடுத்துவிடச் சொன்னாள் ஷீபா. ஃபோர்செப்ஸை அவள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குக் காந்தத்திலிருந்து மழித்த கறுப்பு மணலை அக்கா ஒரு ஊசிமருந்துக் குப்பியில் போட்டு, கண்ணில் படுகிற இடத்தில் வை என்று கொடுத்திருந்தார். அது டி.வி.க்கு மேலே இருக்கிறது. பிறகு, அவர் ஓராண்டு இரவல் வாங்கியிருந்த இந்தக் கை. நேற்று நான் மலைக்குப் பின்னால் போகவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிய, முன்பக்கமாகவே போய் நின்று கையை நீட்டினேன். காதுவரைக்கும் சுட்டது. வெட்கம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கை லேசாக நடுங்கவும் செய்தது. ஒரு விரலால் தட்டினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது.